மூன்றாவது சிலிண்டரில் 80: இன்ஜினைக் கட்டுவதா, ஹெட்டைத் தூக்குவதா?

கேள்வி: எங்கள் வீட்டில் 1997 மாடல் மாருதி 800 இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, அப்பா வாங்கியது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நடுவில் நான்கு வருடம் காஸ் கிட் போட்டு ஓட்டினோம், பிறகு கழற்றிவிட்டோம். இப்போது ஐடிலில் வண்டி உதறுகிறது. சேலம் போய்விட்டுத் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுவையே இல்லை. இரண்டாவதுக்கு இறக்கினால்தான் ஏறுகிறது. புகை அதிகம் இல்லை. ஆயில் 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குறைகிறது. ரேடியேட்டருக்கு போர் தண்ணீர்தான். வாரம் ஒரு முறை கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கிறது. தருமபுரியில் ஒரு பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) பார்த்தார்கள்: 150, 145, 80. "ரிங் போச்சு, இன்ஜினைக் கட்டணும்" என்றார் மெக்கானிக், அதாவது முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டுமாம். இரண்டு மாதம் கழித்து ஓசூரில் பார்த்தபோது 138, 135, 74. அந்த மெக்கானிக் கெட்டி ஆயிலோடு ஒரு டப்பா அடிட்டிவும் ஊற்றி ஓட்டச் சொல்கிறார். இரண்டே மாதத்தில் மூன்று சிலிண்டரும் இறங்கிவிட்டதே என்று பயமாக இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
(காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். கம்ப்ரஷன் கேஜ் எந்த சிலிண்டரில் காற்று நிற்கவில்லை என்று மட்டும்தான் காட்டும். அந்தக் காற்று எந்த வழியாகத் தப்பிக்கிறது என்று அதற்குத் தெரியாது. ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) வழியாகப் போகலாம், வால்வு வழியாகப் போகலாம், ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு) வழியாகவும் போகலாம். கேஜில் மூன்றுக்கும் ஒரே 80 தான். உங்கள் கடிதத்தில் இருக்கும் மற்ற விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு (எரிந்த புகையை வெளியேவிடும் வால்வு) மேல்தான் விழுகிறது. அது சரியா தவறா என்று பார்க்க இன்ஜினை இறக்க வேண்டாம். அரை நாள் வேலை, ஒரு கேஜ், ஒரு ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), பஞ்சர் கடைக் கம்ப்ரஷர், இவ்வளவு போதும்.

முதலில் ஓசூர் ரீடிங். தருமபுரி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 470 மீட்டரில் இருக்கிறது, ஓசூர் 900 மீட்டரை ஒட்டி. மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறையும். சிலிண்டர் உள்ளிழுக்கும் காற்றே குறைவு என்றால் அமுக்கிய பிறகும் குறைவாகத்தான் காட்டும். இந்த இரண்டு ஊருக்கும் இடையே மட்டும் சுமார் 5 சதவீதம் வித்தியாசம் வரும். தருமபுரியில் 150 காட்டும் அதே சிலிண்டர் ஓசூரில் 142, 143 தான் காட்டும். மிச்சம் நாலைந்து பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு; இங்கே சொல்லும் ரீடிங் எல்லாம் அதில்தான்) வேறு கேஜ், வேறு பேட்டரி சார்ஜ் என்றாலே வந்துவிடும். ஆகவே இரண்டு மாதத்தில் எதுவும் இறங்கவில்லை. அதே 150-ஐச் சென்னையில் எடுத்திருந்தால் 158 பக்கம் காட்டியிருக்கும். 1,40,000 ஓடிய வண்டிக்கு அது நல்ல எண். முதல் இரண்டு சிலிண்டருக்கும் ஒரு குறையும் இல்லை.

அதனால்தான் 'ரிங்' என்ற பேச்சு ஒட்டவில்லை. ஒரே ஆயில், ஒரே ஏர் ஃபில்டர், ஒரே ஓட்டம். ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தேயும். 120, 115, 105 என்று வந்திருந்தால் நானும் ரிங் என்றே நினைத்திருப்பேன். இரண்டு நல்லபடியாக நிற்க ஒன்று மட்டும் பாதியாக விழுகிறது என்றால் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. ரிங் உடைந்திருந்தாலோ பிஸ்டனில் விரிசல் விட்டிருந்தாலோ கூட ஒன்று மட்டும் விழும்தான். ஆனால் அப்போது ஆயில் கால் லிட்டரோடு நிற்காது. நீலப் புகை தெரியும், அந்த பிளக் மட்டும் ஆயிலில் நனைந்து கருத்திருக்கும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி அடிக்கும். இவை எதையும் நீங்கள் எழுதவில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய காஸ் கிட்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காஸ் உலர்ந்த எரிபொருள். மிக்ஸர் செட்டிங் கொஞ்சம் வறண்டுபோனாலும் (காற்றோடு கலக்கும் காஸ் குறைந்தாலும்) எக்ஸாஸ்ட் வால்வின் சூடு ஏறும். வால்வு உட்காரும் சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் உள்வாங்கும். உள்வாங்க உள்வாங்க வால்வின் வால் முனை மேலே எழும்பும். ராக்கருக்கும் (வால்வை அமுக்கித் திறக்கும் கை) அதற்கும் நடுவே இருக்க வேண்டிய டேப்பெட் இடைவெளி குறையும். ஒருநாள் இடைவெளி பூஜ்யமாகும். அதன்பிறகு வால்வு முழுசாக மூடாது. வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் கடத்துகிறது. உட்காராத வால்வின் ஓரம் எரிந்து ஒரு வாய்க்கால் விழும். இதில் வேடிக்கை என்னவென்றால் இவ்வளவு நடந்தும் வண்டி முன்பைவிட அமைதியாக ஓடும். டேப்பெட் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் உடனே பட்டறைக்கு ஓடுகிறோம். சத்தம் சுத்தமாக நின்றுபோனால் நல்லது என்று விட்டுவிடுகிறோம். பழைய வண்டியில் பயப்பட வேண்டியது சத்தமில்லாத டேப்பெட்டுக்குத்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். இரண்டு பட்டறையிலும் ரீடிங் எடுத்த விதம் உங்களுக்குத் தெரியாது. ஆகவே கூடவே நின்று இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, சூடு ஏறிய பிறகு எடுக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுமுன் அதன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்; அங்கே கிடக்கும் மண் உள்ளே விழுந்தால் வால்வு சீட்டிலேயே போய் உட்காரும். மூன்று பிளக்கையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஸ்டார்ட்டர் திணறும், சுற்று வேகம் குறையும், எண்ணும் குறையும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றிவிடுங்கள். பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும் நேரத்தில் எங்கும் பொறி பறக்கக் கூடாது, பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவும் கூடாது. ஏர் ஃபில்டரைத் தூக்குங்கள். சோக் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். உள்ளே ஒருவர் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். பலரும் மறப்பது இந்த மிதியைத்தான். த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் வழியின் கதவு) மூடியிருந்தால் மூன்று சிலிண்டரிலும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பேட்டரியும் முழு சார்ஜில் இருக்கட்டும்.

கேஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் கூம்பைக் கையால் அழுத்திப் பிடிக்கும் வகை வேண்டாம். பிடித்தவர் கைக்கு ஏற்ப எண் மாறும். பிளக் மாதிரியே திருகி மாட்டும் 14 மில்லிமீட்டர் மரை உள்ள கேஜ் தேவை. அதிலும் காற்றைத் திரும்பவிடாத சின்ன வால்வு குழாயின் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். மாருதி 800-ன் 796 சி.சி.யை மூன்றாகப் பிரித்தால் ஒரு சிலிண்டர் 265 சி.சி.; பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 34, 35 சி.சி. தான். வால்வு பிளக் பக்கம் இல்லாமல் கேஜ் பக்கம் இருந்தால் குழாய்க்குள் இருக்கும் பத்து சி.சி. இடமும் அந்த 35-ஓடு சேர்ந்துகொள்ளும். பெரிய இன்ஜினில் இது கண்ணுக்கே தெரியாது. இந்தச் சின்ன இன்ஜினில் நல்ல சிலிண்டரைக்கூட நோயாளியாக்கிவிடும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் முள் ஆறு முறை துள்ளும்வரை செல்ஃப் அடியுங்கள். கடைசி எண்ணை மட்டும் குறிக்காதீர்கள், முதல் துள்ளலில் எவ்வளவு வந்தது என்பதையும் குறியுங்கள். முதல் துள்ளல் குறைவாக இருந்து பிறகு ஒவ்வொரு துள்ளலுக்கும் படிப்படியாக ஏறினால் ரிங் பக்கம் சந்தேகம். முதலிலும் குறைவு, ஏற மாட்டேன் என்று அங்கேயே நின்றால் வால்வு அல்லது கேஸ்கட். மூன்று சிலிண்டரில் மிக உயர்ந்த எண்ணுக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கும் இடையே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது 14 பி.எஸ்.ஐ. வரை வித்தியாசம் இருக்கலாம். உங்களுடையது 70. கேஜும் கையும் செய்யும் பிழையில் இவ்வளவு வராது. ஆகவே மூன்றாவது திரும்பவும் 80-ஐ ஒட்டியே வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஒருவேளை 140 வந்துவிட்டால் சந்தோஷம். உதறலுக்குக் காரணம் அந்த பிளக், அதன் வயர், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி, கார்புரேட்டர் அடி கேஸ்கட்டில் காற்றுக் கசிவு என்று வெளியே தேடலாம்.

அடுத்து டேப்பெட். இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு, ராத்திரி நிறுத்திக் காலையில் பார்ப்பது உத்தமம். ராக்கர் மூடியைக் கழற்றுங்கள். பிளக்குகள் வெளியே இருப்பதால் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுலபமாகச் சுற்றலாம். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாவது சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் கடைசியில் இருப்பது மூன்றாவது. மூன்றாவதின் பிளக் ஓட்டையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது நிறுத்த வேண்டும். அங்கே இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆட்டம் சுத்தமாக இல்லாத ராக்கர் இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். ஃபீலர் கேஜில் அளந்து சர்வீஸ் புத்தகத்தில் உள்ள ஆறிய நிலை அளவுக்கு வையுங்கள். இந்த வகை இன்ஜினுக்கு அது 0.15 மில்லிமீட்டரின் அக்கம்பக்கம் இருக்கும். 'கொஞ்சம் டைட்டா வச்சா சத்தம் வராது' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரி செய்த பிறகு மீண்டும் கம்ப்ரஷன் எடுங்கள். 80 இருந்தது 130-ஐத் தாண்டினால் இப்போதைக்கு ஹெட்டைத் தொட வேண்டாம். ஆனால் சீட் தேய்வது நின்றுவிட்டதா என்று தெரிய வேண்டும். 1,000 கிலோமீட்டரில் ஒரு முறை, 5,000-ல் ஒரு முறை இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் சீட் இன்னும் உள்வாங்குகிறது. 80 அசையவே இல்லை என்றால் வால்வு முன்பே எரிந்துவிட்டது, அல்லது கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அப்போது ஆயில் சோதனை. சிரிஞ்சில் இன்ஜின் ஆயில் எடுத்து மூன்றாவது சிலிண்டருக்குள் விட்டு, இரண்டு சுற்று சுற்றிவிட்டு ரீடிங் எடுப்பது. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைக்கும், எண் ஏறும். வால்வு என்றால் ஏறாது. இது எல்லாருக்கும் தெரிந்த பாடம். தெரியாதது எவ்வளவு ஆயில் என்பது. 'ஒரு மூடி ஊத்துப்பா' என்று ஊற்றினால் சோதனையே கெட்டுப்போகும். மேலே இருப்பதே 34 சி.சி. இடம். அதில் 5 மில்லி ஆயில் உட்கார்ந்தாலே இடம் சுருங்கி, ரிங் எப்படி இருந்தாலும் எண் சுமார் 15 சதவீதம் தானாக ஏறும். 80 என்பது 92 ஆனதும் 'பார்த்தீங்களா, ரிங்தான்' என்று இன்ஜினைப் பிரித்த கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன. 3 மில்லி போதும். அதைவிட்டும் 120, 130 என்று தாவினால்தான் ரிங். 85, 90-ல் நின்றால் ரிங் நிரபராதி.

இத்தனைக்கும் மேலே நேரடிச் சாட்சி வேண்டுமென்றால் காற்றுச் சோதனை இருக்கிறது. ஹெட்டைத் தூக்கலாமா என்று முடிவெடுக்க இதைவிட நல்லது வேறில்லை. பழைய பிளக் ஒன்றின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, அந்த இரும்புக் கூட்டில் ஏர் நாசிலை வெல்டிங் வைத்தால் உபகரணம் தயார். எந்த லேத் பட்டறையிலும் செய்துதருவார்கள். மூன்றாவது பிஸ்டனை முன்சொன்னபடி உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்துங்கள். ஸ்பானரைக் கிராங்க் போல்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உச்சியிலிருந்து மயிரிழை தள்ளி நின்றாலும் காற்று பிஸ்டனைத் தள்ளும், அந்த ஸ்பானர் கையை முறித்துவிடும். நாலாவது கியரில் போடுங்கள். கைபிரேக்கை நம்ப வேண்டாம், அது பிடிப்பது பின்சக்கரத்தை. இந்த வண்டியில் இன்ஜினோடு இணைந்திருப்பது முன்சக்கரம். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள், உள்ளே ஒருவர் கால்பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். காற்றை முதலில் 30 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, அசையவில்லை என்றால் 80 வரை ஏற்றலாம்.

இப்போது காதைத் தீட்டுங்கள். சைலன்சர் வாயில் 'உஸ்ஸ்' என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் வாயில் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் மூடியில் கேட்டால் ரிங்; ஆனால் கவனம், எவ்வளவு நல்ல இன்ஜினிலும் ரிங் வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஒன்றாவது சிலிண்டரிலும் அதே சோதனையைச் செய்து அதன் சத்தத்தோடு ஒப்பிட்டால்தான் இது கூடுதலா, இயல்பா என்று புரியும். பக்கத்து பிளக் ஓட்டையில் காற்று வந்தால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கிறது. அப்படி எரிந்திருந்தால் இரண்டாவதும் சேர்ந்து விழுந்திருக்கும். உங்களுக்கு அது 145-ல் நிற்பதால் அதை நான் எதிர்பார்க்கவில்லை. ரேடியேட்டர் வாயில் குமிழி எழுந்தால் கேஸ்கட் தண்ணீர்ப் பாதைக்குள் திறந்திருக்கிறது, அல்லது ஹெட்டில் விரிசல்.

சைலன்சரில் சத்தம் கேட்டால் உடனே ஹெட்டைத் தூக்கிவிடாதீர்கள். காற்று உள்ளே இருக்கும்போதே எக்ஸாஸ்ட் ராக்கரைத் தளர்த்தி, வால்வின் வால் முனையில் பிளாஸ்டிக் சுத்தியால் லேசாக இரண்டு தட்டு தட்டுங்கள். சில சமயம் ஒரு கரித்துண்டு சீட்டில் மாட்டியிருக்கும். வால்வு ஒரு கணம் திறக்க, காற்றே அதை ஊதித் தள்ளிவிடும், சத்தம் நின்றுவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது நடக்கும். தட்டியும் சத்தம் நிற்காவிட்டால் ஹெட் இறங்கத்தான் வேண்டும்.

வாரா வாரம் ஊற்றும் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் விடப்போவதில்லை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த மண் இது. வெந்நீர் போடும் அண்டாவின் உள்பக்கம் வெள்ளைப் பொருக்காகப் படிகிறதே, அதே பொருக்குத்தான் ரேடியேட்டர் குழாயிலும் ஹெட்டின் தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. சூடு வெளியேறுவதில்லை. எக்ஸாஸ்ட் சீட்டைச் சுற்றியுள்ள பாதை ஏற்கெனவே குறுகலானது. அங்கே பொருக்கு கட்டினால் வால்வு எரிய இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது. ஆக, காஸும் போர் தண்ணீரும் சேர்ந்து செய்த வேலையாகவும் இது இருக்கலாம்.

தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். இன்ஜின் ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி தொடர்ந்து வந்தால் கேஸ்கட். ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தாலும், சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளை ஆவி நிற்காவிட்டாலும் அதே சந்தேகம். எதுவும் இல்லை என்றால் வாட்டர் பம்ப் அடியிலும் ஹோஸ் கிளிப்பிலும் வெள்ளைக் கறை தேடுங்கள், ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கள். இந்த வயது வண்டியில் பெரும்பாலும் அந்த மூடிதான். தொப்பூர் ஏற்றத்தில் சூடு முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அலுமினிய ஹெட் வளைய அந்த ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

ஹெட் இறங்கும் என்றே வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஆறிய பிறகுதான் ஹெட் போல்ட்டைத் தொட வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். திரும்ப மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தவணையாக, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்). டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறை என்றால் ஹெட்டை அங்கே கொடுக்க வேண்டாம். 'கை அளவு தெரியும்' என்பவரின் கை அளவில்தான் கேஸ்கட் ஆறு மாதத்தில் போகிறது.

ஹெட்டை லேத்துக்கு அனுப்பும்போது என்ன செய்யச் சொல்கிறோம் என்று நாமே ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. அடிப்பரப்பில் நேர் அளவுகோலை வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க வேண்டும், 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் மட்டும் ஃபேஸிங் (பரப்பைச் சீவி மட்டமாக்குவது), அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) ஆடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆடும் கைடில் புது வால்வைப் போட்டால் அது சீட்டில் நேராக உட்காராது, ஒரு வருடத்தில் திரும்ப எரியும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் விட்டுவிடும் இடம் இதுதான். எரிந்த வால்வைக் கிரைண்ட் செய்து பயன்படுத்த வேண்டாம். மூன்று எக்ஸாஸ்ட் வால்வையும் புதிதாகப் போடுங்கள், இன்டேக் மூன்றையும் பார்த்து முடிவு செய்யலாம். சீட்டை 45 டிகிரியில் கட்டிங் செய்து பிறகு பேஸ்ட் வைத்துக் கையால் லேப்பிங் (வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது). வால்வு வட்டம் முழுக்க ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் சாம்பல் நிற வளையம் அறுபடாமல் தெரிய வேண்டும். காஸ் ஓட்டத்தில் சீட் அதிகம் உள்வாங்கியிருந்தால் கட்டிங் போதாது, சீட்டையே மாற்ற வேண்டும். வால்வு சீல் ஆறும் புதியது. அந்தக் கால் லிட்டர் ஆயிலில் ஒரு பங்கு இந்த சீல் வழியாகத்தான் போயிருக்கும்.

லேத்திலிருந்து வாங்கும்போது அங்கேயே ஒரு சோதனை: ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, எரி அறை மூன்றிலும் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். எந்த வால்வு வழியாகவும் போர்ட்டுக்குள் சொட்டக் கூடாது. சொட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். மாட்டிய பிறகு தெரிந்தால் கேஸ்கட் செலவும் நம்முடையது. புது கேஸ்கட்டுக்கு மேலே எந்தப் பேஸ்ட்டும் தடவ வேண்டாம், இரண்டு பரப்பும் துடைத்த கண்ணாடிபோல் காய்ந்திருந்தால் போதும். டைமிங் பெல்ட் எப்படியும் கழன்றிருக்கும், அதை மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அதன்பிறகு போர் தண்ணீர்க் குடம் ரேடியேட்டர் பக்கம் வரவே கூடாது.

ஹெட் வெளியே இருக்கும்போது போரையும் பார்த்துவிடுங்கள், இதற்குத் தனிச் செலவு இல்லை. மேல் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே விரல் நகத்தை ஓட்டினால் படி தட்டுகிறதா? நீளவாக்கில் கீறல் உண்டா? சந்தேகம் இருந்தால் போர் கேஜ் வைத்து மேலும் கீழும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.10 மில்லிமீட்டரைத் தாண்டினால் தருமபுரி மெக்கானிக் சொன்ன 'இன்ஜின் கட்டுவது' நியாயமாகும். அப்போது மூன்றையும் சேர்த்து ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் எல்லாம். தேய்ந்த போரில் புது ரிங் மட்டும் போடும் அரைகுறை வேலை வேண்டாம். அளவுக்குள் இருந்தால் கீழ்ப்பகுதியைத் தொடாதீர்கள். ஹெட்டைச் சரிசெய்த பிறகு ஆயில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறையக்கூடும், ஏனென்றால் இறுகிய மேல்பாகம் தளர்ந்த ரிங்கைக் காட்டிக்கொடுக்கும். 1,000-க்கு அரை லிட்டர் வரை என்றால் இந்த வயதுக்குப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஓசூரில் சொன்ன கெட்டி ஆயில், அடிட்டிவ் பற்றி: ரிங் கோளாறாக இருந்தாலாவது சில மாதம் சமாளிக்கும். எரிந்த வால்வு இருக்கும் இடத்துக்கு அந்த ஆயில் போய்ச் சேர்வதே இல்லை. அதை ஊற்றிக்கொண்டு ஓட்டினால் வால்வின் ஓரம் உடைந்து பிஸ்டன் மேல் விழுவதற்குத்தான் நேரம் கொடுத்த மாதிரி. விழுந்துவிட்டால் உண்மையிலேயே இன்ஜினைக் கட்ட வேண்டியிருக்கும். சோதனை முடியும்வரை தொப்பூர், சூளகிரி ஏற்றமெல்லாம் வேண்டாம். பாலக்கோடு, தருமபுரி என்று பக்கத்து ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செலவு செய்யுமுன் ஆர்.சி.யை எடுத்துத் தேதி பாருங்கள். 15 வருடம் கடந்த சொந்த வண்டிக்குப் பதிவை ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிக்கிறார்கள். உங்கள் அடுத்த புதுப்பிப்புக்கு இன்னும் கொஞ்ச காலமே இருந்தால் ஹெட் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. ஒரு சிலிண்டர் சரியாக எரிக்காத வண்டி புகைச் சோதனையில் எரியாத பெட்ரோலைக் காட்டிக்கொடுக்கும்.

வேலை முடிந்த அன்றே, சூடான இன்ஜினில், மூன்று சிலிண்டரின் ரீடிங்கையும் முதல் துள்ளலோடு சேர்த்து எடுக்கச் சொல்லி, தேதி, கிலோமீட்டர், ஊர் பெயர் போட்டு பானட்டின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரில் எழுதிவையுங்கள். 1,000 கிலோமீட்டரில் டேப்பெட் இடைவெளி பார்க்கும்போது அந்த எண்ணையும் அதற்குக் கீழே சேருங்கள்.